மடி கேட்டு வந்தேன்

காப்பி வேண்டாம் அண்ணி, குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சரி, அரை டம்ளர் போதும், சர்க்கரை கம்மியாக. இவனைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள், முதலில் தட்டை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். வெற்றிலை வாடிப்போயிருக்கிறது, பஸ்ஸில் அந்த வெயில், தப்பாக நினைக்காதீர்கள். அண்ணன் ஆபீஸிலிருந்து வர நேரமாகுமா? பரவாயில்லை. அண்ணனிடம் கேட்பதைவிட உங்களிடம் கேட்பதுதான் முறை. இந்த வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். துருவனுக்குப் பதினோராம் மாதம் முடிவதற்குள் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். அண்ணன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். பெரியப்பா மகன் என்றாலும் அவர்தானே எனக்கு அண்ணன், அவர்தானே இவனுக்குத் தாய்மாமன்.

பார்த்தீர்களா, கேட்டுவிட்டீர்கள். கூடப் பிறந்த தம்பி ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதற்கு எங்கள் வீட்டுக்காரர் மடி என்று. நீங்கள் வாயால் கேட்கவில்லை, சரி. உங்கள் புருவம் கேட்டது.

வேந்தன் வர மாட்டான். அவனே சொல்லிவிட்டான். எப்படிச் சொன்னான் என்பதை யாரிடமாவது கொட்டினால்தான் எனக்கு ஆறும். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

என் மாமியார் வீட்டில் அவன் கப்பலில் இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறோம். என் கல்யாணத்தின்போது உண்மையிலேயே கப்பலில்தான் இருந்தான், சாப்பாட்டுப் பிரிவில் ஏதோ வேலை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்புறம் இறங்கிவிட்டான். இறங்கியதை நாங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னடெட் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இந்த மாதிரிச் சந்தேகங்களுக்கு அவரிடம் எப்போதும் நறுக்கென்று ஒரு பதில் இருக்கும்.

இறங்கியவன் எங்கே போனான்? பாண்டிச்சேரியில் ஒரு பார். சாதாரண பார் இல்லையாம், கிராஃப்ட் காக்டெய்ல் பாராம். என்ன பெயர் வைத்தால் என்ன அண்ணி, உள்ளே இருப்பது அதுதானே? ஊற்றிக் கொடுக்கிற உத்தியோகம். என்னோடு கான்வென்ட்டில் படித்தவர்களின் தம்பிமார்களைப் பாருங்கள். ஒருத்தன் கண் டாக்டர், ஒருத்தன் பெல்ஜியத்தில். என் தம்பி ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பா போனது மஞ்சள் காமாலையில். உங்களுக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் யாராவது கேட்டால் மஞ்சள் காமாலை. என் மாமியாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. என் மாமனார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் நடந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கிக் கும்பிடுவான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்தான். அது வேறு. இதயத்துக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறாராம். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, மரியாதையாக. தொட்டுக்கொள்ள முட்டை அவித்து மிளகு தூவி வைப்பது என் வேலை. என்றைக்காவது குரல் கொஞ்சம் உயரும், அன்றைக்கு நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவோம். அப்படிப்பட்ட வீடு அண்ணி அது.

அந்த வீட்டில் வேந்தன் பார்க்கிற வேலை தெரிந்தால் என்ன ஆகும்? நூலைப் பிடித்துக்கொண்டு அப்பாவரைக்கும் போய்விடுவார்கள். எனக்காகப் பயப்படவில்லை. என்னைச் சொல்லிவிட்டுப் போகட்டும். இவனுக்காக. நாளைக்கு இவன் ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால், வண்டியில் போய் விழுந்தால், யார் வீட்டிலாவது அதிகமாகச் சிரித்துப் பேசினால்கூட, தாய்மாமன் ரத்தம், தாத்தா ரத்தம் என்பார்கள். இப்போதே பாருங்கள், பால் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தால் விட மாட்டான், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுப்பான். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்கிறார். இருந்தாலும் நான் பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர்தான் சொன்னார், போனில் சொல்லாதே, நேரில் போய்ச் சொல்லுவோம், அப்படியே பாண்டிச்சேரியையும் சுற்றிப் பார்த்த மாதிரி ஆகும் என்று. இவருக்கு எல்லாமே உல்லாசம்தான்.

சுற்றிப் பார்த்தோம். என்ன இருக்கிறது அங்கே? கடல். கடல் மரக்காணத்தில் இல்லையா? அதையொட்டி நீளமாக ஒரு சாலை, சாயங்காலமானால் வண்டிகளை விடாமல் அடைத்துவிடுகிறார்கள், நாமெல்லாம் நடந்து மகிழ வேண்டுமாம். காந்தி சிலை. எரியாத ஒரு கலங்கரை விளக்கம். அப்புறம் அந்த வெள்ளைக்காரத் தெருக்கள். ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கு முன்னாலும் ஒருத்தி நின்று முடியைக் கோதிக்கொள்கிறாள், ஒருத்தன் ரோட்டில் மண்டிபோட்டுப் படம் எடுக்கிறான். யார் வீட்டுச் சுவர், உள்ளே யாராவது தூங்குகிறார்களா, ஒரு கேள்வி கிடையாது. சுவர் அண்ணி! சுவரைப் பார்க்க மனிதர்கள் ரயில் ஏறி வருகிறார்கள். "அரசி, நீயும் நில்லு" என்றார் இவர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூக்கைச் சுளித்தபடி நின்றேன். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு அந்த இடத்துக்குப் போனோம். போர்டே கிடையாது. ஒரு நீலக் கதவு, ஒரு மணி, அவ்வளவுதான். சாராயக் கடைக்காவது பச்சை எழுத்தில் ஒரு போர்டு இருக்கும், இன்னது இங்கே விற்கிறோம் என்று. இங்கே தெரிந்தவர்கள் மட்டும் வந்தால் போதுமாம். முற்றத்தில் சாப்பாட்டு மேசைகள்தான், சீக்கிரம் வந்தால் குழந்தையோடு உட்காரலாம் என்று வேந்தன் சொல்லியிருந்தான். உட்காரலாமாம்! நான் படியேறும்போதே துருவன் மூக்கை முந்தானையால் மூடினேன். வாசனை பட்டால்கூட என்ன ஆகுமோ, யார் கண்டது. அவன் முந்தானையைப் பிடுங்கிவிட்டுச் சிரிக்கிறான்.

உள்ளே கரண்ட் போன வீடு மாதிரி மெழுகுவத்தி. காசு கொடுத்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மெனு கார்டு கொண்டுவந்தார்கள். இங்கிலீஷ் எனக்குப் புதிதா? முதல் வகுப்பிலிருந்து அதில்தான் படித்தேன். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றில் ரசம். ஆமாம் அண்ணி, மிளகு ரசம். அதில் ஜின்னைக் கலந்து, ஒரே ஒரு கறிவேப்பிலையைத் துணி காயப்போடுகிற மாதிரி கிளிப் மாட்டிக் கிளாஸ் விளிம்பில் தொங்கவிடுகிறார்கள். இன்னொன்றில் பனங்கற்கண்டு. இன்னொன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் புகையடைத்துக் கொண்டுவந்து மேசையில் திறக்கிறார்கள், எல்லாரும் 'ஆ' என்கிறார்கள். "சாம்பிராணி போடுறாங்களா?" என்று இவர் கேட்டார். பக்கத்து மேசையில் ஒரு ஜோடி. அந்தப் பெண் தன் கிளாஸைப் படம் எடுக்கிறாள், எடுக்கிறாள், ஐஸ் கரைந்து வழிகிறவரை எடுக்கிறாள். அவன் தன் கிளாஸைத் தொடாமல் காத்திருக்கிறான். இதற்கு வீட்டிலேயே ஒரு குடம் தண்ணீரைப் படம் எடுத்துவிட்டுப் படுக்கலாம்.

அப்புறம் வேந்தன் வந்தான். தோளில் பட்டை மாட்டிய கால்சட்டை. சர்க்கஸ்காரன் மீசை, மெழுகு போட்டு நுனியை முறுக்கிவிட்டிருக்கிறான். சட்டையில் 'வின்' என்று பெயர் குத்தியிருக்கிறது. தமிழ்வேந்தன் என்று அப்பா எவ்வளவு ஆசையாக வைத்த பெயர்!

"யாருடா வின்?" என்றேன்.

"அது கஸ்டமருக்குக்கா. நீ எப்பவும்போல கூப்பிடு."

"என்னடா வேஷம் இது?"

"யூனிஃபார்ம். நீ டை கட்டிட்டு கான்வென்ட் போனியே, அது மாதிரி."

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். இது யாரிடமும் போகாத பிள்ளை அண்ணி. என் மாமியார் கை நீட்டினாலே வீறிடும். இப்போது உங்களிடம்கூட எப்படி நெளிகிறான் பாருங்கள். அவனிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மீசை நுனியைப் பிடித்து இழுக்கிறது, அவன் 'ஐயோ மாமா மீசை, ஐயோ மாமா மீசை' என்கிறான், இது கெக்கெக்கே என்று சிரிக்கிறது. எங்கே உட்கார்ந்துகொண்டு? அவன் மடியில். பாரில்! அதை இவர் படம் எடுக்கப் போனார், போனைப் பிடுங்கிப் பையில் போட்டேன். அந்தப் படம் என் மாமியார் கண்ணில் பட்டால்?

"மாப்ளே, அந்த ரசம் ஒண்ணு போடு" என்றார் இவர். வெட்கமே இல்லை.

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் அந்தத் தகரக் குவளையில் ஊற்றிக் குலுக்கினான் பாருங்கள், தலைக்கு மேலே, தோளுக்குப் பின்னாலே, சாமி வந்தவன் மாதிரி. ஒரு கிளாஸ் பானத்துக்கு இத்தனை ஆட்டமா? கொண்டுவந்து வைத்துவிட்டு, 'முதல்ல மிளகு தெரியும் மாமா, அப்புறம் புளி, அப்புறம் கொஞ்சம் தனியா இருக்கிற மாதிரி இருக்கும்' என்கிறான். தனியாக இருக்கிற மாதிரியாம்! நாக்கில் அது எப்படித் தெரியும்? இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார், கச்சேரி கேட்கிற மாதிரி. இரண்டு பேரும் பைத்தியம்.

எனக்கும் ஒன்று கொண்டுவந்தான். "இதுல ஒண்ணும் இல்லக்கா, நம்பு" என்றான். நம்புவேனா? பால் கொடுக்கிற உடம்பு. இவரை முதலில் குடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றார். நன்னாரி, எலுமிச்சை, உப்பு. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனுக்கு நான் கலந்து கொடுத்தது. என்னுடையதை எடுத்து நீளக் கிளாஸில் ஊற்றி, அதற்கு ஒரு பெயர் வைத்து, என்னிடமே கொண்டுவந்து நீட்டுகிறான். எல்லாவற்றையும் குடித்தேனா என்று கேட்காதீர்கள். தாகமாக இருந்தது.

இவர் காலியான கிளாஸைத் தட்டினார். "இன்னொண்ணு போடு மாப்ளே."

"போதும் மாமா. வண்டில புள்ள வர்றான்."

பாருங்கள் கஞ்சத்தனத்தை. சொந்த அக்கா புருஷன், முதல் தடவையாக அவன் இடத்துக்கு வந்திருக்கிறார். ஒன்றுக்கு மேல் ஊற்ற மனசு வரவில்லை. பக்கத்து மேசைக்காரனிடமும் அப்படித்தான் குனிந்து ஏதோ சொல்லி, கிளாஸை எடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை வைத்தான். வியாபாரமும் தெரியவில்லை. இப்படி விற்றால் முதலாளி எத்தனை நாள் வைத்திருப்பான்?

அதற்குமேல் ஒரு நக்கல். "இன்னும் உன் மாமனாருக்கு முட்டை அவிக்கிறியாக்கா? அவர் குடிக்கிற பிராண்டு எங்ககிட்ட கிடையாது. அதை நாங்க ஸ்டவ் பத்தவைக்கக்கூட யோசிக்கணும்."

இவர் சிரிக்கிறார் அண்ணி! தன் அப்பாவைச் சொல்கிறான், மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். இந்தச் சங்கதியை அவனிடம் சொன்னதே இவராகத்தான் இருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் துருவன் மறுபடி அவன் மடிக்குத் தாவியிருந்தான். சுற்றிவளைக்காமல் ஆரம்பித்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டாம் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். பாதியில்தான் உறைத்தது, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் இங்கிலீஷ்தான் நன்றாகப் புரியும். தமிழுக்கு மாறினேன்.

"காது குத்துக்கு நீ வர வேணாம்டா. கப்பல்ல இருக்கே, லீவு கிடைக்கலைன்னு சொல்லிக்கிறோம். பெரியப்பா வீட்டு அண்ணனை உக்கார வச்சுக்கிறோம்."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். கிளாஸ் துடைக்கிற துண்டு. அதன் ஓரத்தைத் தேடி, ஈரம் படாத இடமாகப் பார்த்து, துருவன் கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தான்.

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான்.

நான் வழியெல்லாம் என்னென்ன தயார் பண்ணிக்கொண்டு போனேன் தெரியுமா? அவன் கத்துவான் என்று நினைத்தேன். என் உரிமை, நான்தான் மாமன், என்னைத் தள்ளிவிட நீ யார் என்பான். அப்பாவை இழுப்பான். சாயங்காலமானால் அப்பாவைக் கூட்டிவர அந்தச் சாராயக் கடைக்கு அவனைத்தானே அனுப்புவோம், அதைச் சொல்லிக் காட்டுவான். சொல்லட்டும், அதற்கும் பதில் வைத்திருந்தேன். நான் பெண்பிள்ளை, கான்வென்ட் யூனிஃபார்மோடு அங்கே போய் நிற்க முடியுமா? சிஸ்டர்கள் யாராவது பார்த்தால்? அவன் ஆம்பளைப் பையன், சின்னவன், அவனை யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது அண்ணி என்னிடம். கேள்விதான் வரவில்லை.

சரிக்காவாம்! ஒரு மாமன் என்றால் சண்டை போட வேண்டாமா? காது குத்து வீட்டில் மாமன்மார்கள் பந்தக்காலைப் பிடுங்கியதை நாம் பார்த்ததில்லையா? பத்திரிகையில் பெயரைக் கீழே போட்டார்கள் என்று உங்கள் தம்பி இலையில் உட்காராமல் எழுந்து போனாரே, காலில் விழாத குறையாக அல்லவா கூட்டிவந்தோம். அது மாமன். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. தன் ரத்தம் என்று ஒரு பிடி இருக்கிறது. இவன்? 'ஐஸ் கொஞ்சம் போடட்டுமா' என்று கேட்டால் சொல்கிற மாதிரி, சரிக்கா. நான் அவனுக்கு அவ்வளவுதான். என் பிள்ளை அவ்வளவுதான். மனசு மரத்துப்போன ஜென்மம். ஊற்றிக் கொடுத்து ஊற்றிக் கொடுத்து எல்லாரையும் கஸ்டமராகவே பார்க்கப் பழகிவிட்டான்.

அதோடு விட்டானா? எழுந்து போய், எலுமிச்சம்பழமும் கத்தியும் வைக்கிற டிராயரைத் திறந்து ஒரு சின்ன டப்பியை எடுத்துவந்தான். தோடு. தங்கம். துருவன் பிறந்த மாதமே வாங்கிவைத்தானாம்.

"இதை மட்டும் போட்டு விடுங்கக்கா. நான் வாங்குனதுன்னு சொல்ல வேணாம்."

என் பிள்ளை காதில் ஏறப்போகிற தங்கம், எங்கே இருந்திருக்கிறது பாருங்கள். நான் வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். டிசைனும் சுமார்தான். ஒரு பொட்டுக் கல், சுற்றிலும் ஒன்றுமில்லை. இருங்கள், காட்டுகிறேன், இந்தப் பையில்தான்... இதோ. ஜாக்கிரதை, திருகாணி ரொம்பச் சின்னது. அண்ணன் தன் தட்டில் வைத்துக் கொடுத்துவிடட்டும், தான் வாங்கியதுபோல. சீர் செய்ய வேண்டுமே என்று அவருக்கும் கவலை இருக்காது.

கிளம்பும்போது பிள்ளையை வாங்கினேன், இது அவன் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அப்படி ஒரு அழுகை. மெழுகுவத்திக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், என்னமோ நான் பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிற மாதிரி. அவன் வாசல்வரை வந்தான். கார்க் கதவைச் சாத்தினான். "பாத்துப் போங்க மாமா" என்றான், இவரிடம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. திண்டிவனம்வரை துருவன் அழுதான். இவர் ஓட்டிக்கொண்டு வந்தார். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.

அதனால்தான் அண்ணி, அண்ணனைக் கேட்டு வந்திருக்கிறேன். அவருக்கு லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் சொல்லிவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். முதுகுவலி வேறு அவருக்கு, கோயில் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமோ முடியாதோ. இவன் கனக்கிறான் இப்போது. ஆசாரி ஊசியை எடுத்ததும் துள்ளுவான், தலையையும் பிடிக்க வேண்டும், கையையும் பிடிக்க வேண்டும், அதே நேரம் அவன் பயப்படாத மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். அண்ணன் சட்டென்று பதறுகிற ஆள். எல்லாருக்கும் வந்துவிடாது அது. நீங்கள் நிதானமாக யோசித்து...

என்ன அண்ணி?

வந்துவிடுவாரா?

லீவெல்லாம் பிரச்சினை இல்லையா? அவரைக் கேட்கக்கூட வேண்டாமா?

அதெப்படி, கேட்காமலே சொல்கிறீர்கள். ஒரு நல்ல காரியம். கூடப் பிறந்தவன் இருக்கும்போது நாங்கள் எப்படி முன்னால் வந்து உட்காருவது என்று, பேச்சுக்காவது... இல்லை இல்லை, சந்தோஷம்தான். எனக்குச் சந்தோஷம்தான் அண்ணி. கண்ணில் ஒன்றுமில்லை, பஸ்ஸில் வந்த தூசி. இவனை இப்படிக் கொடுங்கள். அந்தத் தோட்டையும் கொடுங்கள், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

தட்டை உள்ளே கொண்டுபோக வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். அண்ணன் வரட்டும், அவர் வாயாலும் கேட்டுவிடுவோம். அவர் முறை தெரிந்தவர். தம்பியைக் கூப்பிடாமல் நான் உட்கார மாட்டேன் என்று சொன்னாலும் சொல்வார்.

சொல்வார், இல்லையா அண்ணி?